முதல் குழாய்

ஒன்பது இருபது பேருந்தில் ஜன்னலோரமாக இடம் கிடைத்ததும் பூங்கோதை தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்து, பெட்டியின்மேல் ஃபைலை வைத்து, ஃபைலின்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். விட்டால் உள்ளே இருப்பது எழுந்து வந்துவிடும் என்கிற மாதிரி. பெட்டிக்குள் பஞ்சுக் குச்சிகளும் மூடி போட்ட கண்ணாடிக் குழாய்களும் ஓர் ஐஸ் பொட்டலமும்தான். ஃபைலுக்குள் பன்னிரண்டு சான்றிதழ். பன்னிரண்டிலும் ஒரே வாசகம், அடியில் அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு. எழுந்து வரவேண்டியது எழுந்து வந்து இன்றோடு பதினோரு நாளாகிறது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எட்டுக்கு மேலும் மூன்று நாள் தாங்கியிருக்கிறது என்றால் இவள் கெட்டிக்காரியிலும் கெட்டிக்காரி. நான் எங்கே புளுகினேன் என்று உடனே தனக்குள் மறுத்தாள். பொய் சொல்லவில்லை, சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். அவ்வளவுதானா? நடத்துநர் வந்து "எங்கீங்க?" என்று கேட்டபோது ஊர்ப்பெயர் சட்டென்று வாயில் வரவில்லை. கருங்கரட்டுப்பாளையம் என்று சொல்லி முடிப்பதற்குள் முகம் சுட்டது. மூன்று மாதமாக வாரம் தவறாமல் போய்வருகிற ஊர். டிக்கெட் கேட்பதற்குக்கூட வெட்கப்படும்படி ஆகிவிட்டதே என்று அதற்கும் சேர்த்து ஒருமுறை வெட்கப்பட்டாள்.

கருங்கரட்டுப்பாளையம் மகளிர் பால் சங்கத்தில் பதினான்கு பெண்கள். பாலைக் கறந்து ஊற்றுவதோடு நிற்காமல், பாதாம்பால் காய்ச்சி, குட்டிப் பாட்டிலில் அடைத்து, நீல மூடி போட்டு, சுற்றுவட்டாரத்தில் விற்கிறார்கள். காய்ச்சின பால் ஆறியபிறகு இரண்டு எவர்சில்வர் குழாய் வழியாகப் பாட்டிலில் இறங்கும். அதற்கப்புறம் அடுப்பு கிடையாது, நேரே குடிக்கிறவர் வாய்தான். குழாயில் அசிங்கம் இருந்தால் பாலில் அசிங்கம். ஈரோட்டுக் கல்லூரியொன்றில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிற பூங்கோதை முதல்முறை அங்கே போனபோது, தன் பாடத்தை அந்தப் பெண்களுக்கு எப்படிச் சொல்வது என்று திணறி, கடைசியில் தன் பல்லைத் தொட்டுக் காட்டினாள். "காலையில எந்திரிச்சதும் பல்லுமேல நாக்கை ஓட்டிப் பாருங்க, வழவழன்னு ஒண்ணு இருக்குமில்ல? அதே மாதிரி குழாய்க்குள்ளயும் கிருமியெல்லாம் கூட்டமாச் சேந்து, மேல ஒரு போர்வையப் போத்திட்டு உக்காந்திருக்கும். வெறும் தண்ணிக்கு அசையாது." எல்லோரும் சிரித்தார்கள். வசந்தாமணி மட்டும் வாய்க்குள் நாக்கை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாங்க டீச்சர், இருக்குதுங்க" என்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், குழாய் கழுவுகிற வேலை அவளுடையது. இப்போது பேருந்தில் பூங்கோதையின் நாக்கும் தானாகப் பல்மேல் ஓடியது. நன்றாகத் துலக்கிவிட்டுத்தான் வந்திருக்கிறாள், இருந்தாலும் கடைவாயில் என்னவோ வழவழக்கிறது. அன்றைக்கு வசந்தாமணியின் கையைத் தற்செயலாகத்தான் பார்த்தாள். ப்ளீச்சிங் தண்ணீரில் தினம் ஊறுகிற கை. விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து, உள்ளங்கை வெடித்து, வெடிப்புக்குள் சிவந்து கிடந்தது. சோறு பிசைந்தால் எரிகிறது, கரண்டியில்தான் சாப்பிடுகிறேன், எங்க வீட்டுக்காரர் என்னைத் துரைசானிங்கறார் என்று அவள் அதையும் ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தாள். பூங்கோதை அழுதுவிட்டாள். பதினான்கு பேருக்கு நடுவில் நின்று, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் ஒரு பொட்டுப் பொய் கிடையாது. அதை இப்போது நினைத்துப் பார்ப்பது ஆறுதலாக இருந்தது. ஆறுதல் தேடுவதற்கு அந்தக் கையா கிடைத்தது என்று அருவருப்பாகவும் இருந்தது.

அந்தக் கைக்காகத்தான் ஓமமும் கிராம்பும். ஓமத்தின் எண்ணெயும் கிராம்பின் எண்ணெயும் சேர்த்துத் தண்ணீரில் கலக்கிக் குழாயில் கால்மணி நேரம் நிறுத்திவைத்தால் அந்தப் போர்வை கிழிந்து கிருமி சாகும் என்று உலகத்தில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். கை வெடிக்காது, கண் எரியாது, அஞ்சறைப்பெட்டியில் இருக்கிற சரக்குதானே. முதல் மாதம் முதல் குழாய்க்கு எண்ணெய், இரண்டாவது குழாய்க்கு வழக்கம்போல ப்ளீச்சிங் என்று வைத்துக்கொண்டார்கள். வாராவாரம் பூங்கோதை கையுறை மாட்டிக்கொண்டு முதல் குழாயைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்துப் போய், ஆய்வுத் தட்டில் தேய்த்து, சூட்டுப் பெட்டியில் வைப்பாள். உயிருள்ள கிருமி இருந்தால் மறுநாள் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். முளைக்கவில்லை. பூஜ்யம். மறுவாரமும் பூஜ்யம். அடுத்த வாரமும். வகுப்பில் அவளே சொல்வாள், தட்டு காலியாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள் என்று. ஊருக்குத்தான் உபதேசம். குழாயைத் துடைத்த பஞ்சில் எண்ணெயும் ஒட்டிக்கொண்டுதான் வரும். அதை அப்படியே தட்டில் தேய்த்தால், அந்த எண்ணெய் தட்டிலும் உட்கார்ந்துகொண்டு கிருமியைத் தலைதூக்க விடாது. குழாயில் கிருமி கும்மாளம் போடும், தட்டு மட்டும் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். ஆகவே பஞ்சை முதலில் எண்ணெயின் வீரியத்தை முறிக்கிற ஒரு மருந்துநீரில் முக்கி எடுக்க வேண்டும். முறிப்பு நீர் என்பாள் மாணவிகளிடம். இரண்டாமாண்டுப் பாடம். வருஷா வருஷம் அவளே ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கிற கேள்வி. ஜூன் மாதம் அந்த மருந்து தீர்ந்துபோயிருந்தது, எழுதிப்போட்டும் வரவில்லை, சரி, இந்த ஒரு வாரம் வெறும் உப்புத் தண்ணீரில் முக்குவோம், வெள்ளோட்டம்தானே என்று நினைத்தாள். பூஜ்யம் வந்தது. பூஜ்யத்தைப் பார்த்த சந்தோஷத்தில் மறுவாரம் அந்த மருந்தின் ஞாபகமே வரவில்லை. வரவில்லையா, வரவிடவில்லையா? பதினோரு நாளாக இந்த ஒரே இடத்தில்தான் மனசு வந்து வந்து மாட்டிக்கொள்கிறது, ஆணியில் புடவை மாட்டுகிற மாதிரி. மறந்தது பிழை. மறந்ததை ஒரு மூலையில் தெரிந்துகொண்டே மறந்திருந்தால் அதற்கு என்ன பெயர்?

"ஏனுங்க, கொழந்தைக்கு வயிறு சரியில்லீங்களா?" என்று பக்கத்தில் ஒரு குரல். சித்தோட்டில் ஏறின பெண், மடியில் நாலு வயசுச் சிறுமி. பூங்கோதை விழித்தாள். "இல்ல, ஓமத்தண்ணி வாசம் வருதுங்களே, அதுதான் கேட்டேன்" என்றாள் அவள். காலையில் எண்ணெய் பாட்டிலை மூடும்போது விரலில் பட்டது. மூன்று தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. "ஆமாங்க" என்றாள் பூங்கோதை. எதற்காக அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அவளுக்குக் குழந்தை இல்லை. "எத்தனை மாசமுங்க?" "எட்டு." "அப்ப ரொம்பக் குடுத்துப் போடாதீங்க, ஒரு சங்குக்கு மேல வேண்டாம், நம்ம கண்ணுக்குத் தெரியாம உள்ள சூடு ஏறிரும்." பூங்கோதை தலையாட்டினாள். இல்லாத குழந்தைக்கு இல்லாத வயிற்றுவலி. அதற்கு அக்கறையாக வைத்தியம் சொல்கிற ஒருத்தி. எவ்வளவு சரளமாக வருகிறது பார் என்று அவள் தன்னைத்தானே பார்த்து மலைத்தாள். எட்டு என்று ஒரு கணக்குக்கூடத் தடையில்லாமல் வந்தது. செய்தித்தாள்காரர் வந்து எண்ணெயில் கிருமி சாகிறதா என்று கேட்டபோதும் இப்படித்தான் வந்தது: "நூறு சதவீதம் சார்." படத்தோடு போட்டார்கள். மாமனார் அந்தப் பக்கத்தை வெட்டி, லேமினேட் செய்து, கூடத்தில் தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். தேதி கிழிக்கும்போதெல்லாம் அவள் முகமே சிரித்துக்கொண்டு எதிரில் நிற்கிறது. பதினோரு நாளாகத் தேதி கிழிக்கிற வேலையைக் கணவனிடம் விட்டுவிட்டாள்.

முறிப்பு மருந்து பன்னிரண்டு நாளைக்கு முன்னால்தான் வந்து சேர்ந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்து, உள்ளே அந்தப் பழுப்பு பாட்டிலைப் பார்த்தாள். அப்போதே தெரிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வாரம் எடுத்துவந்த பஞ்சில் பாதியை முறிப்பு நீரில் முக்கித் தட்டில் தேய்த்து வைத்தாள்; யாரையும் கூப்பிடவில்லை, நோட்டில் எழுதவும் இல்லை. மறுநாள் காலை ஏழரைக்கே போய்ச் சூட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். எவர்சில்வரைத் துடைத்த பஞ்சின் தட்டுகளில் நாலு, ஐந்து, மூன்று என்று புள்ளிகள். மோசமில்லை, எண்ணெய் வேலை செய்யத்தான் செய்திருக்கிறது. குழாய் வாயில் இருக்கிற ரப்பர் வளையத்துக்கு அடியில் துடைத்த தட்டில் மட்டும் எண்ண முடியவில்லை. புள்ளி என்றே சொல்ல முடியாதபடி ஒன்றோடொன்று சேர்ந்து, சிந்தின கஞ்சி காய்ந்த மாதிரி தட்டு முழுக்க. எவர்சில்வரில் செத்தது ரப்பரில் சாகவில்லை. போர்வை அங்கே பத்திரமாக இருந்திருக்கிறது, இரண்டு மாதமாக. ஏனென்றால் இரண்டு மாதத்துக்கு முன்னால், பூஜ்யத்தின் மகிமையில், ரெண்டு குழாய்க்குமே எண்ணெய் போதும், ப்ளீச்சிங்கைத் தூக்கிப் போடுங்க என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள்தான். அந்தத் தட்டை என்ன செய்தாள்? அடுத்தவர் யாரும் வருவதற்கு முன்னால் நீராவியில் வேகவைத்துக் குப்பையில் போட்டாள். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இன்றைக்குச் சொல்லிக்கொள்ளவாவது இருந்திருக்கும். அன்று மத்தியானம் சங்கத்துக்குப் போன் போட்டாள். வசந்தாமணிதான் எடுத்தாள். "சொல்லுங்க டீச்சர், சாப்பிட்டீங்களா?" என்றது அந்தக் குரல். பூங்கோதை வாயைத் திறந்தாள், "ஓம எண்ணெய் தீந்துபோச்சா, கொண்டுவரட்டுமாக்கா?" என்று கேட்டாள். இரண்டு நாள் கழித்து மறுபடி போட்டாள், மறுபடி அதையே கேட்டாள். சொல்லவேண்டிய வாக்கியம் தொண்டைவரை வந்து, அங்கே ஓமமாக மாறிவிட்டது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இது அவளுடைய பழைய மந்திரம். ஐந்தாம் வகுப்பில், திங்கள்கிழமை தோறும் வகுப்புத் தண்ணீர்ப்பானையைக் கழுவுகிற முறை அவளுக்கு. பானைக்குள் கைவிட அவளுக்குப் பிடிக்காது. அடியில் பாசி விரலில் படும்போது உடம்பு கூசும். அதனால் வெளிப்பக்கத்தைச் சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டு, உள்ளே இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுவாள். டீச்சர் வகுப்புக்கே காட்டினார்: "பாருங்க, பானைன்னா பூங்கோதை கழுவின மாதிரி இருக்கோணும்." ஒரு வருஷம் முழுக்க நாற்பது பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அல்லது, சுரமென்று படுத்தவர்கள் எதனால் படுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வருஷத்தில்தான் அவள் அந்தப் பாடத்தைக் கற்றாள் போலிருக்கிறது. அதற்கப்புறம் இத்தனை பட்டம் வாங்கி, பாசியைப் பற்றியே ஆராய்ச்சி செய்து, இன்னும் கைவிடாமல் வெளியே தேய்த்துக்கொண்டிருக்கிறாள். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் கண் கரித்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது.

கவுந்தப்பாடியில் பேருந்து நின்றதும் வெல்லப்பாகு வாசனையோடு விற்கிறவர்களும் ஏறினார்கள். கடலை மிட்டாய், வெள்ளரிப் பிஞ்சு, அப்புறம் ஒரு வாளி ஐஸ் தண்ணீரில் மிதந்துகொண்டு நீல மூடிகள். பூங்கோதைக்கு அடையாளம் தெரிய ஒரு விநாடிகூட ஆகவில்லை. "அம்மா, எனக்கு அது" என்றது சிறுமி. பக்கத்துப் பெண் வாங்கினாள். மூடியைத் திருகினாள். இப்போது சொல்லலாம். வேண்டாங்க, அதைக் குடுக்காதீங்க என்று சொன்னால் போதும், மூன்று வார்த்தை. ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொல்ல வேண்டும். உங்களுக்கு எப்படித் தெரியும் என்பாள். எட்டு மாதக் குழந்தைக்கு வயிற்றுவலி என்று சொன்னவள் சொல்வதை நம்புவாளா? நம்பமாட்டாள் என்பதால் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாமா? சிறுமி பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து அண்ணாந்து குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. பூங்கோதை ஒவ்வொரு மடக்கையும் பார்த்தாள், கண்ணை எடுக்க முடியவில்லை, ஏழு மடக்கு. நடுவில் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி நான்கு. மேலுதட்டில் மஞ்சளாக மீசை. "எங்கவூர்ப் பக்கத்துச் சங்கத்துதுதானுங்க, சுத்தமா இருக்கும். ஓமத்துலயே கழுவறாங்களாம், பேப்பர்ல போட்டிருந்துச்சு" என்றாள் அம்மா. காலிப் பாட்டிலைச் சிறுமி கீழே நழுவவிட்டாள். அது பேருந்து ஓட ஓட இருக்கைகளுக்கு அடியில் உருண்டு முன்னால் போயிற்று, பிரேக் போட்டால் திரும்பி வந்தது, பூங்கோதையின் காலில் தட்டியது. அவள் காலை மடக்கிக்கொண்டாள். இவளை மாதிரி ஒரு கேடுகெட்ட பிறவி இந்தப் பேருந்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு அப்போதும் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள்.

இன்றைக்குச் சங்கத்தில் ஒரு சின்ன விழா. பன்னிரண்டு மணிக்குப் பால்வள அதிகாரி வருகிறார். அவர் கையில் பன்னிரண்டு சான்றிதழும் போகும், பன்னிரண்டு சங்கங்களில் ப்ளீச்சிங் நிற்கும், ஓமம் நுழையும். அதற்கு முன்னால் வழக்கப்படி முதல் பாட்டில். அந்தச் சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு: கழுவினவ குடிக்கோணும். எப்போதோ ஒரு வருஷம் பால் கெட்டுப்போய், யார் சரியாகக் கழுவவில்லை என்று பெரிய சண்டையாகி, அன்றைக்குச் செய்துகொண்ட ஏற்பாடு. குழாய் கழுவினவள் அன்றைக்கு அடைக்கிற முதல் பாட்டிலை எல்லோர் எதிரிலும் குடிக்க வேண்டும், அப்புறம்தான் மற்றது அடைபடும். எந்த ஆய்வுக்கூடத்துச் சோதனையும் இதற்கு உறைபோடக் காணாது என்று பூங்கோதையே ஒருதரம் மெச்சிப் பேசியிருக்கிறாள். இன்றைக்கு வசந்தாமணி குடிப்பாள். இரண்டு மாதமாகக் குடித்துக்கொண்டுதானே இருக்கிறாள். பேருந்து கடைசி ஏற்றத்தில் முக்கிக்கொண்டிருந்தபோது பூங்கோதைக்கு ஒரு வழி தோன்றியது, தோன்றிய கணத்தில் மார்பிலிருந்து ஒரு கல் இறங்கினாற்போல இருந்தது. பிழையைச் சொல்ல வேண்டியதில்லை. கூடுதல் பாதுகாப்புக்காக வாரத்துக்கு இரண்டு நாள் ரப்பர் வளையத்தை மட்டும் கழற்றி ப்ளீச்சிங்கில் போடலாம் என்று சான்றிதழில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போயிற்று. ஆய்வு வளர்கிறது, பரிந்துரை மாறுகிறது, உலகத்தில் நடப்பதுதானே. கிருமியும் சாகும், காலண்டர் பக்கத்துப் படமும் பிழைக்கும். குழந்தைகளுக்கு நல்லது செய்கிறோமா இல்லையா, அதுதானே முக்கியம்? வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் கைக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆமாம், அந்தக் கை. வேறெது பொய்யானாலும் அந்தக் கை ஆறினது மெய். சான்றிதழில் மூன்றாவது வரியே அதுதான்: தொழிலாளர்களின் கைப்புண் முற்றிலும் ஆறியது. அந்த ஒரு வரிக்காக மீதி வரிகளை மன்னித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இறங்கினாள். பேருந்து போனபிறகும் அந்தப் பாட்டில் உருள்கிற சத்தம் காதில் இருந்தது.

சங்கத்து வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். உள்ளே கழுவின தரையும் ஓம வாசனையும். செயலாளர் தெய்வானை ஓடிவந்து பெட்டியை வாங்கினாள். "வாங்க டீச்சர், உங்களுக்குத்தான் காத்துட்டிருக்கோம். அதிகாரி வர்றதுக்குள்ள முத பாட்டிலை ஆக்கிப்போடலாம், வந்தாருன்னா போட்டோ அது இதுன்னு நேரமாயிரும்." பதினான்கு பேரும் நல்ல புடவையில் இருந்தார்கள். பூங்கோதை வழக்கம்போல முதலில் கையுறையை மாட்டிக்கொண்டாள். வாரத்துக்கு இரண்டு நாள், கூடுதல் பாதுகாப்பு, ஆய்வு வளர்கிறது. வாக்கியம் தயாராக இருந்தது. முதல் குழாயை வசந்தாமணி திறந்தாள், பால் மஞ்சளாக இறங்கியது, பாட்டில் நிறைந்தது. மூடி போடாமல் அதைத் தூக்கினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வசந்தாமணி பூங்கோதையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அண்ணாந்தாள், பேருந்துச் சிறுமி மாதிரியே.

"குடிக்காதீங்கக்கா."

சொன்னது தான்தான் என்று பூங்கோதைக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. பிறகு நிறுத்த முடியவில்லை. தயாராக வைத்திருந்த வாக்கியம் எங்கேயோ போய்விட்டது. மருந்து தீர்ந்தது, உப்புத் தண்ணீர், பூஜ்யம், ரப்பர் வளையம், வேகவைத்த தட்டு, போன் போட்டு எண்ணெய் கேட்டது, பேருந்தில் குடித்த குழந்தை என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினாள். "நான் பண்ணினது தப்பு. தெரிஞ்சு பதினோரு நாளாச்சு. தெரிஞ்சும் சொல்லல. ரெண்டு மாசமா ஊர்ப்பிள்ளைகளெல்லாம் அதைத்தான்..." இப்போது திட்டுவார்கள் என்று நின்றாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

வசந்தாமணி பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தாள். தெய்வானையைப் பார்த்தாள். தெய்வானை தரையைப் பார்த்தாள்.

"சொல்லிப்போடு வசந்தாக்கா" என்றாள் தெய்வானை. "இனி என்ன ஒளிக்கறது?"

"டீச்சர், பயப்படாதீங்க. இந்தக் குழாய்ப் பாலு ரெண்டு மாசமா வெளிய போகலீங்க" என்றாள் வசந்தாமணி. "நீங்க ரெண்டுக்கும் எண்ணெயே போதும்னு சொல்லிட்டுப் போனீங்களா? நாலஞ்சு நாளு அப்படித்தான் கழுவினோம். ஒருநா வளையத்துக்கு அடியில வெரல வுட்டனுங்க. நீங்க சொன்னீங்களே, பல்லு மேல இருக்கும்னு, அதே வழவழப்பு. அன்னைக்கே ரெண்டாங்குழாய்க்குப் பழையபடி ப்ளீச்சிங்கே போட்டுட்டோம். விக்கிற பாலு பூராவும் அதுலதான் அடைக்கிறது. நான் குடிக்கிறதும் அதுலதானுங்க. இது உங்களுக்காக, நீங்க சொன்ன மாதிரியே எண்ணெய்ல கழுவி, சும்மா வச்சிருக்குது. இன்னைக்கு விசேசம், நீங்களும் எதுக்க நிக்கறீங்கங்கறதால இதைத் தொறந்தோம்."

"ஒரு குழாய்லயா? நானூறு பாட்டிலும்?"

"ஒண்ணரை மணி நேரம் சேத்தி ஆகும், அவ்வளவுதானுங்க" என்றாள் தெய்வானை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

வசந்தாமணி யோசித்தாள். "எப்படீங்க சொல்றது? நீங்க படிச்சவங்க, பூஜ்யம்னு எழுதிக் காட்டறீங்க. எவ்வளவு சந்தோசமாக் காட்டுனீங்க! அதுல போயி, என்ற வெரலு வேற சொல்லுதுங்கன்னு எப்படிச் சொல்றது? அதுவுமில்லாம, நமக்காக அழுத புள்ளை. நாலு பேருத்துக்கு முன்னால உங்களுக்கு ஒரு தலைகுனிவு வரக்கூடாதுன்னு எல்லாரும் சேந்துதான் பேசாம இருந்தோம்." கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் பன்னெண்டு சங்கத்துக்குந்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ஒரு வாரமா எங்களுக்கும் தூக்கமில்லீங்க. நல்லவேளை, நீங்களே சொல்லிட்டீங்க. அதிகாரிகிட்டயும் நீங்களே சொல்லிப்போடுங்க. எங்க வாயால வேண்டாம்" என்றாள்.

பூங்கோதையால் நிமிர முடியவில்லை. இவர்கள் தினம் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக நின்று அவள் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த இரண்டு மாதத்தில், கடைசிப் பதினோரு நாளும் இவர்களுடைய வாயில் விஷம் போகிறது என்று நம்பிக்கொண்டே அவளும் அதே முகத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

"தொட்டுப் பாக்கறீங்களா?" என்று கேட்டாள் வசந்தாமணி. பூங்கோதை குச்சியை எடுக்கப் பெட்டிப் பக்கம் போனாள். "அது வேண்டாமுங்க. அந்த உறையக் கழட்டிப்போட்டு வெரல வுடுங்க."

கழற்றினாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக வெறும் விரலைக் குழாயின் வாயில் விட்டு, ரப்பர் வளையத்தின் அடியில் ஓட்டினாள். உடம்பு கூசியது. ஆனாலும் எடுக்கவில்லை, ஒரு சுற்று முழுக்க ஓட்டினாள். அங்கேயே இருந்தது, தண்ணீர்ப்பானையின் அடியில் இருந்த அதே பாசி.

விரலை வெளியே எடுத்ததும் வசந்தாமணி அந்தக் கையைப் பிடித்து, குழந்தைக்குத் துடைப்பதுபோல முந்தானையால் துடைத்துவிட்டாள். வசந்தாமணியின் பிடி சொரசொரவென்று இருந்தது. பூங்கோதை குனிந்து பார்த்தாள். விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து, உள்ளங்கை வெடித்து, வெடிப்புக்குள் சிவந்து, முதல் நாள் பார்த்த அதே கை. வாராவாரம் வந்திருக்கிறாள், இந்தக் கைதான் அவளுக்குக் குழாயைத் திறந்துவிட்டது, டீ கொடுத்தது, பேருந்து நிறுத்தம்வரை பெட்டியைத் தூக்கிவந்தது. ஒரே ஒருதரம் பார்த்திருந்தால் போதும், ப்ளீச்சிங் நிற்கவே இல்லை என்று தெரிந்திருக்கும், எந்த முறிப்பு நீரும் வேண்டியிருந்திருக்காது.

வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பூங்கோதை ஃபைலைத் திறந்து, முதல் சான்றிதழை எடுத்து, கைப்புண் ஆறியது என்கிற மூன்றாவது வரியை அடித்தாள்.